அவசரக் கையிருப்பு கெட்டுப்போகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் அவசரத்துக்கு ஒன்றுமே இல்லை என்ற நிலை அரிது. ராகி மூட்டை இருக்கும், புளிப்பானை இருக்கும், பரண் மேல் இரண்டு கேன் தண்ணீர், ஒரு டார்ச், ஒரு இன்வெர்ட்டர் இருக்கும். மழை மூன்று நாள் விடாமல் கொட்டி மின்சாரமும் போன அன்றைக்கு எடுத்துப் பார்த்தால்தான் மாவு கசக்கும், கேன் நாறும், டார்ச் எரியாது. இந்தப் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: அவசரத்துக்கென்று தனியாக ஒதுக்கி, மூடி, மறந்துவிடுவது. தினமும் புழங்கும் சாமானிலேயே பத்து நாளுக்குக் கூடுதலாக வைத்து, பழையதை எடுத்துப் புதியதை நிரப்பி வந்தால் பாதிப் பழுது வராது.

உங்கள் வீட்டில் என்ன அறிகுறியோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள், செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியில்.

கையிருப்பின் அளவு பற்றி ஒரு வார்த்தை. நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பத்து நாளுக்கு அரிசி 10 கிலோ, ராகி 4 கிலோ, துவரம் பருப்பு 1½ கிலோ, கொள்ளு 1 கிலோ, நிலக்கடலை 1 கிலோ, எண்ணெய் 1½ லிட்டர், வெல்லம் 1 கிலோ, உப்பு 1 கிலோ, புளி அரை கிலோ போதும். அடுப்பே பற்றவைக்க முடியாத நாளுக்கு அவல் ஒரு கிலோவும் பொட்டுக்கடலை அரை கிலோவும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. இதற்கு மேல் குவிப்பதால் பயனில்லை. சுழலாத சரக்கு கெடத்தான் செய்யும்.

## அரிசியில் வண்டு ஓடுகிறது

ஒரு பிடி அரிசியை வெள்ளைத் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். வண்டு மட்டும் ஓடுகிறதா, அல்லது மணிகளில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருக்கிறதா? தட்டைச் சாய்த்தால் வெள்ளைத் தூள் தனியாக வழிகிறதா?

வண்டு உண்டு, ஓட்டையோ தூளோ இல்லை: வண்டு வெளியிலிருந்து இப்போதுதான் ஏறியிருக்கிறது. முறத்தில் புடைத்து, நிழலில் மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் வண்டு தானே நகர்ந்துவிடும். அரிசியைச் சுள்ளென்ற வெயிலில் காயப்போடாதீர்கள். மணி விண்டு, சோறு குழைந்துவிடும்.

ஓட்டையும் தூளும் உண்டு: முட்டையும் புழுவும் மணிக்குள்ளேயே இருக்கின்றன. இன்று எவ்வளவு சுத்தமாகச் சலித்தாலும் நம் ஊர் வெயிலுக்கு ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளியே வரும். இந்த அரிசியைக் கையிருப்பிலிருந்து எடுத்து இட்லிக்கும் தோசைக்கும் முதலில் தீர்த்துவிடுங்கள். நன்றாகக் களைந்து ஊறவைத்தால் உண்ணலாம். குறைந்த அளவு என்றால் ஒரு கிலோ பைகளாகக் கட்டி ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் நான்கு நாள் வையுங்கள், முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அரை நாள் விடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த மணியில் நீர் கோத்து, வண்டுக்குப் பதில் பூசணம் வரும்.

காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்:

1. டிரம்மின் அடியில் இரண்டு படி பழைய அரிசி கிடக்க, அதன் மேலேயே புதிய மூட்டையைக் கொட்டியது. பெரும்பாலும் இதுதான் காரணம். டிரம்மைக் கவிழ்த்து, கழுவி, ஒரு நாள் வெயிலில் வைத்து, மூடியின் உள்விளிம்பைத் துணியால் துடைத்த பிறகே புதியது உள்ளே போக வேண்டும்.
2. மூடி இறுகவில்லை. மூடிக்கும் டிரம்முக்கும் இடையில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் வண்டுக்கும் வழி இருக்கிறது.
3. மூட்டையிலேயே வந்தது. ரேஷன் அரிசியோ கடை அரிசியோ, புதிய மூட்டையை ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுப் பழையதோடு சேருங்கள்.
4. ஈரம். தரையிலோ சுவரை ஒட்டியோ வைத்த மூட்டையின் அடிப்பக்கம் சில்லென்று இருக்கும். மணை மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.
5. டிரம்மே பெரிது. 50 கிலோ டிரம்மைத் தினமும் திறந்து மூடினால் உள்ளே காற்றும் ஈரமும் போய்க்கொண்டே இருக்கும். 10 கிலோ டப்பா மூன்று வாங்கி, ஒன்றைத் திறந்தால் அது தீரும்வரை மற்ற இரண்டைத் தொடாமல் இருப்பது மேல்.

வேப்பிலையும் வசம்பும் காய்ந்த மிளகாயும் வண்டை விரட்ட உதவும். ஏற்கெனவே மணிக்குள் இருக்கும் புழுவைக் கொல்லாது. வேப்பிலையைச் சருகாகக் காயவைத்துப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் அதன் ஈரமே அரிசியில் இறங்கும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. தானியக் கிடங்கில் பயன்படுத்தும் செல்பாஸ் மாத்திரையை யாராவது கொடுத்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அந்த அலுமினியம் பாஸ்பைடு ஈரக்காற்று பட்டதும் பாஸ்பீன் வாயுவை விடும். மூடிய அறையில் தூங்குகிறவர்களை அது கொன்றுவிடும், மாற்று மருந்தும் கிடையாது. மரச்சட்டம், கட்டில், சுவர் வெடிப்பு என்று வீடு முழுக்க வண்டு பரவிவிட்டால் உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிடுங்கள். அவர்களையும் உணவுப் பொருளை வெளியே எடுத்த பிறகே மருந்தடிக்கச் சொல்லுங்கள்.

## ரவை, மாவு நூல் கட்டிக் கூடாக ஒட்டியிருக்கிறது

இது வண்டின் வேலை இல்லை, அந்துப்பூச்சியின் புழு கட்டிய நூல். சலித்துப் பயன்படுத்த வேண்டாம், கொட்டிவிடுங்கள். பிறகு டப்பாவை விட்டுவிட்டு அலமாரியைப் பாருங்கள். மேல் மூலை, ஆணி ஓட்டை, விரித்த செய்தித்தாளின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் வெள்ளைக் கூடு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துக் கொதிநீர் தோய்த்த துணியால் துடைக்காவிட்டால் எத்தனை புது மாவு வாங்கினாலும் அடுத்த மாதம் இதே கதைதான். மழைக்காலத்துக்கு வைக்கும் ராகி மாவைத் தவிர, அவசரக் கையிருப்பில் மாவும் ரவையும் அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம்.

## ராகி மாவு கசக்கிறது, எண்ணெயில் சிக்கு வாடை

ராகியை மணியாக வைத்தால் வருஷக் கணக்கில் நிற்கும். பல தானியங்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது. தொம்பை என்னும் தானியக் குதிரில் கொட்டி, வாயைச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசி வைத்து, மழை பொய்த்த வருஷத்தில் திறந்து களி கிண்டிய ஊர்கள் இவை. அதே ராகியை மாவாக்கிவிட்டால் கணக்கு மாறிவிடும்.

மாவு கசந்தால்: அரைத்த தேதியை நினைத்துப் பாருங்கள். ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். கம்பு மாவு இன்னும் அவசரக்காரன். இரண்டு வாரத்திலேயே கசக்கும். மணியாகவே வைத்து, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் மில்லுக்கு அனுப்புங்கள். மின்சாரம் இல்லாத நாளில் மில்லும் ஓடாது என்பதால், மழைக்காலத்தில் மட்டும் 2 கிலோ மாவு எப்போதும் கையில் இருக்கட்டும்.

அரைத்து ஒரு வாரத்திலேயே கசந்தால்: மில்லிலிருந்து சூடாக வந்த மாவை ஆறவிடாமல் டப்பாவில் அடைத்திருப்பீர்கள். மூடியின் உள்பக்கம் வியர்த்து, ஓரத்தில் மாவு கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் அதேதான். அகலமான தட்டில் பரப்பி, கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறியதும் அடையுங்கள்.

சாமை அரிசியில் வாடை வந்தால்: தவிடு நீக்காத சாமையா என்று பாருங்கள். தவிட்டில் இருக்கும் எண்ணெய்தான் சிக்காகிறது. அதை இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். நீண்ட நாள் வைக்க உமியோடு இருக்கும் சாமைதான் சரி.

எண்ணெய் என்றால்: செக்கு கடலை எண்ணெயை வெளிச்சம் படும் கண்ணாடிப் பாட்டிலில் அடுப்புக்கு மேல் தட்டில் வைத்திருப்பீர்கள். சில்வர் தூக்குக்கு மாற்றி, கீழ்த் தட்டில் வையுங்கள். ஏற்கெனவே சிக்கு அடித்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது, விளக்குக்கு ஊற்றிக்கொள்ளலாம். கையிருப்புக்கு நல்லெண்ணெய் அதிக நாள் தாங்கும்.

## கொள்ளு, மொச்சை, முழுத் துவரையில் வட்ட ஓட்டை

பயறு வண்டு காட்டிலிருந்தே வருகிறது. செடியில் காய் முற்றும்போதே முட்டை வைத்துவிடும். டப்பா எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் தப்பாது. ஆகவே அறுவடையான சரக்கை வாங்கிய வாரத்திலேயே வேலையை முடிக்க வேண்டும். அரிசியைப் போல் இல்லாமல் பயறு வெயிலைத் தாங்கும், ஆகவே நல்ல வெயிலில் கறுப்புத் தார்ப்பாயில் ஒரு விரற்கடைக்கு மேல் குவியாமல் பரப்பி இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். ஆறியதும் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டு எல்லா மணியிலும் படும்படி பிசறி அடையுங்கள். துவரையில் செம்மண்ணைக் குழைத்துப் பூசி உலர்த்தி வைக்கும் பழைய முறையும் நன்றாக வேலை செய்கிறது, இடமும் வெயிலும் இருந்தால் செய்யுங்கள். உடைத்த பருப்பில் இந்த வண்டுத் தொல்லை மிகக் குறைவு. காயவைக்க வசதியில்லாத வீடுகள் உடைத்த பருப்பாகவே வைத்துக்கொள்ளலாம்.

காய்ந்ததா என்று சந்தேகமா? ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்குக்குத் தானியத்தைப் போட்டு, வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பை ஒரு கரண்டி சேர்த்து ஒரு நிமிஷம் குலுக்குங்கள். பதினைந்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். உப்பு கண்ணாடிச் சுவரில் பனிபோல ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் இருக்கிறது, இன்னொரு வெயில் வேண்டும். உப்பு முழுவதும் அடியில் இறங்கிக் கண்ணாடி தெளிவாக இருந்தால் அடைத்துவிடலாம். ராகிக்கும் சோளத்துக்கும் இதே சோதனை போதும்.

## நிலக்கடலையில் பச்சையோ கறுப்போ படிந்திருக்கிறது

தூக்கி எறியுங்கள். கழுவுவது, வறுப்பது, வெயிலில் போடுவது எதுவும் உதவாது, பூசணம் விட்ட அஃப்ளாடாக்சின் நஞ்சு சமையல் சூட்டில் அழிவதில்லை. பொறுக்கி எடுத்து நல்லதை மட்டும் வைப்பதும் வேண்டாம். மாட்டுக்கும் போடாதீர்கள், தின்ற நஞ்சு பாலில் இறங்கிப் பிள்ளைகளுக்கே திரும்பி வரும். அடுத்த முறை தோலோடு வாங்கி, குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும் அளவுக்குக் காயவைத்துச் சாக்கில் வையுங்கள்.

## வெள்ளத் தண்ணீர் பட்டுவிட்டது

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. நிறுத்தியிருந்த வண்டிகளே அடித்துப் போன மழை அது. இது மேட்டு நிலம், இங்கே வெள்ளம் வராது என்று தரையில் அடுக்கி வைக்க இனி இடமில்லை. தென்பெண்ணைக் கரையிலும் ஏரிக்குக் கீழேயும் இருக்கும் வீடுகளில் கையிருப்பு இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்கட்டும்.

வெள்ளம் தொட்ட பொருளைப் பிரிக்கும்போது மனம் இளகக் கூடாது. சாக்கு, பிளாஸ்டிக் கவர், அட்டைப் பெட்டி, திருகு மூடி போட்ட டப்பா ஆகியவற்றில் இருந்தவை எல்லாம் குப்பைக்கு. திருகின் இடுக்கில் சாக்கடைத் தண்ணீர் ஏறியிருக்கும், வெளியே துடைத்தால் போகாது. தொழிற்சாலையில் அடைத்து நசுங்காத, துருவேறாத தகரக் குவளைகளை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

## சேமித்த தண்ணீர் சரியில்லை

பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது: புது கேன், அல்லது மாடியில் வெயிலில் நின்ற கேன். தண்ணீரைப் புழக்கத்துக்கு ஊற்றிவிட்டுக் கேனை நிழலுக்கு மாற்றுங்கள். பெயின்ட், எண்ணெய், மருந்து இருந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு எடுக்கக் கூடாது.

பச்சை படிகிறது, உள்சுவர் வழுக்குகிறது: வெளிச்சம் படுகிறது, கழுவி நாளாகிவிட்டது. கேனின் உள்ளே கம்பி பிரஷ்ஷும் மணலும் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறலில்தான் பாசி பிடித்துக்கொள்ளும். ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் விட்டுக் குலுக்கினால் மூலை முடுக்கெல்லாம் சுத்தமாகும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வாசனை சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் (வீட்டு உபயோகத் திரவ பிளீச்) கலந்து, உட்புறம் முழுவதும் படக் குலுக்கி, அரை நிமிஷம் கழித்துக் கொட்டி அலசுங்கள்.

புழு நெளிகிறது: மூடி இடைவெளியில் கொசு முட்டையிட்டிருக்கிறது. கொட்டி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்காவிட்டால் சுவரில் ஒட்டிய முட்டை அடுத்த முறை தண்ணீர் பட்டதும் பொரிக்கும். டெங்கு கொசுவுக்கு மூடாத குடமே போதும்.

அடியில் வெள்ளைப் படிவு: போர் தண்ணீரின் உப்பு. கெடுதல் இல்லை, ஆனால் அது ஒரு கேள்வியை எழுப்புகிறது: குடிப்பதற்குப் போர் தண்ணீரையா சேமிக்கிறீர்கள்? இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆகவே குடிநீர் கேனில் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வையுங்கள். குழாயில் நான்கு நாள் தண்ணீர் வராமல் போய்ப் போர் மட்டும்தான் கதி என்றால், பயப்படாமல் குளோரின் போட்டுக் குடியுங்கள். ஃபுளோரைடு வருஷக் கணக்கில் எலும்பையும் பல்லையும் கெடுப்பது, வயிற்றுப்போக்கோ இரண்டே நாளில் குழந்தையைச் சாய்த்துவிடும். போர் தண்ணீரின் அளவு தெரிய வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுக்கலாம்.

சாக்கடை வாடை, அல்லது மழைக்குப் பின் கலங்கல்: சம்ப் மூடி வழியாகத் தெருத் தண்ணீர் இறங்கியிருக்கலாம், இது சிமென்ட் விளிம்பு உயர்த்தினால் தீரும். மூடி சரியாக இருந்தும் வாடை வந்தால் சம்ப் சுவரில் வெடிப்பு, பக்கத்தில் செப்டிக் டேங்க் கசிவு. அப்போது தண்ணீரைத் தொடாதீர்கள், கொத்தனாரைக் கூப்பிடுங்கள். சுத்தம் செய்த பிறகு 1000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி 12 மணி நேரம் நிறுத்தி, முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். சம்ப்புக்குள் தனியாக யாரும் இறங்கக் கூடாது. நெடுநாள் மூடிக்கிடந்த சம்ப் என்றால் மூடியைப் பல மணி நேரம் திறந்து வைத்து, மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும்; டீசல், பெட்ரோல் மோட்டாரை உள்ளே இறக்கவே கூடாது.

சாதாரண நாளில் மாடித் தொட்டிக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும், தலை தட்டிய ஒரு டீஸ்பூன். வாளியில் கரைத்துப் பத்து நிமிஷம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். பிரித்த பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துகொண்டே வரும். மூக்கைத் துளைக்கும் நெடி இல்லையென்றால் அது வெறும் சுண்ணாம்புதான். கழிவறை ஆசிடுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் நச்சு வாயு.

கேன் சுழற்சி இப்படி: மூன்று கேனிலும் 1, 2, 3 என்று எழுதுங்கள். வாரம் ஒரு கேனைத் திறந்து சமையலுக்குத் தீர்த்து, கழுவி, நிரப்பி, வரிசையின் கடைசியில் தள்ளுங்கள். எந்தத் தண்ணீரும் மூன்று வாரத்தைத் தாண்டாது.

## இன்வெர்ட்டர் சீக்கிரம் நின்றுவிடுகிறது

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் இலவசச் சோதனை நாள். அன்று எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு இன்வெர்ட்டர் கத்தியது என்று பேட்டரி மேலேயே எழுதி ஒட்டுங்கள். 150 ஏஎச் பேட்டரி புதிதாக இருக்கும்போது 75 வாட் ஃபேன் இரண்டும் எல்இடி விளக்கு நான்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஓடும். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

முதலில் சுமை. டிவியும் ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டர் லைனில் சேர்ந்திருக்கிறதா? அடுத்து நீர்மட்டம். மிதவை சிவப்புக்கு இறங்கியிருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்; கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ வேண்டாம். மூன்றாவது, முனையில் வெள்ளை பூத்திருக்கிறதா? இன்வெர்ட்டரை அணைத்து, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். நான்காவது, மின்னழுத்தம். முழுக்கச் சார்ஜ் ஆன பின் மூன்று மணி நேரம் எதுவும் ஓடாமல் விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் நல்லது, 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை அல்லது பேட்டரி வயதாகிவிட்டது. பேட்டரிப் பெட்டி உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை வாடை அடித்தாலோ சுவிட்சைக்கூடத் தட்டாமல் சன்னலைத் திறந்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## டார்ச் எரியவில்லை, பவர் பேங்க் உப்பியிருக்கிறது

டார்ச்சுக்குள் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. கையுறை போட்டு எடுத்து, எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் ஸ்பிரிங்கைத் துடைத்துக் காயவிடுங்கள். கையிருப்பு டார்ச்சில் செல்லை உள்ளே போட்டு வைக்காதீர்கள். பக்கத்தில் கவரில் கட்டித் தொங்கவிடுங்கள். சார்ஜ் செய்யும் எமர்ஜென்சி லைட் என்றால் மாதம் ஒரு முறை சார்ஜ்.

உப்பிய பவர் பேங்க்கைச் சார்ஜில் போடவோ அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப்பிடிக்காத இடத்தில் தனியாக வைத்து, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். ஷீட் கூரைக்குக் கீழே உள்ள பரணில் சித்திரை வெயிலுக்கு எந்த லித்தியம் பேட்டரியும் தாங்காது. மருந்துக்கும் அதே கதிதான், இரண்டையும் உள்ளறையில் வையுங்கள்.

## மாற்று சிலிண்டர் மாட்டியதும் வாடை

ரெகுலேட்டரை மூடி, கழற்றி, வால்வுக்குள் எட்டிப் பாருங்கள். கறுப்பு ரப்பர் வாஷர் இல்லையென்றாலோ வெடித்திருந்தாலோ பாதுகாப்பு மூடியைப் போட்டு வெளியே வைத்து ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். வாஷர் சரி என்றால் சோப்பு நுரையை டியூபின் இரண்டு முனையிலும் தடவுங்கள்; நுரை குமிழி விட்டால் கசிவு. டியூபின் மேல் அச்சிட்ட தேதியிலிருந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டால் கேள்வி இல்லாமல் மாற்றுங்கள். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது வேண்டவே வேண்டாம். வாடை அடங்காவிட்டால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அழையுங்கள்.

சிலிண்டர் வாங்கும்போதே கழுத்துத் தகட்டைப் பாருங்கள். ‘பி-28’ என்றால் 2028 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரைச் சோதிக்க வேண்டும் என்று பொருள். ஏ, பி, சி, டி நான்கும் மும்மூன்று மாதத்தைக் குறிக்கும். தேதி தாண்டியதை வாங்காதீர்கள். ஓசூர், தளிப் பக்கத்துக் குளிருக்கு அடுப்புக்கரியை மூடிய அறையில் பற்றவைப்பதும் உயிருக்கு ஆபத்து.

## மருந்துப் பெட்டி

ஓஆர்எஸ் பொடி (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைப் பொடி) கட்டிதட்டி நிறம் மாறியிருந்தால் எறியுங்கள். பாக்கெட் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்குக் கெடுதல், கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். திறந்த கண் சொட்டு மருந்துக்கு மேல் திறந்த தேதியை எழுதுங்கள், ஒரு மாதத்தில் குப்பை. இன்சுலின் போடுகிறவர் வீட்டில் இரண்டு மண்சட்டி, நடுவே ஈர மணல், உள்சட்டியில் காற்றுப் புகாத கவரில் இன்சுலின் என்று ஏற்பாடு இருக்கட்டும். தெளிவான இன்சுலின் கலங்கிவிட்டாலோ உறைந்து உருகியிருந்தாலோ போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். பாம்புக்கடிக்குப் பெட்டியில் எதுவும் தேட வேண்டாம், கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108.

## எல்லாம் இருக்கிறது, எது பழையது என்று தெரியவில்லை

டப்பா மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிவிடும். உடம்பில் மார்க்கரால் மாதமும் வருஷமும் எழுதுங்கள்: ‘ராகி, தை 2026’. புதியது எப்போதும் பின்னால், பழையது முன்னால். ஆழமான அலமாரியில் இது நடக்காது, கை எட்டும் அளவுக்கே தட்டு இருக்க வேண்டும்.

நிரப்பும் காலத்தை அறுவடையோடு கட்டிக்கொண்டால் நினைவூட்டல் தேவைப்படாது. மார்கழி, தையில் புது ராகியும் அவரையும், மாசி, பங்குனியில் புது புளி. புளியைக் கொட்டை நீக்கி, கல்லுப்புத் தூவி, மண்பானையில் அழுத்தி வையுங்கள். கறுத்தால் பயமில்லை, பூசணம் பிடித்தால்தான் எறிய வேண்டும். ஆயுத பூஜைக்கு வீடு துடைக்கும்போது முழுக் கையிருப்பையும் இறக்கிப் பாருங்கள், அடுத்து வருவது வடகிழக்குப் பருவமழை. பங்குனிக் கடைசியில் மருந்தையும் பேட்டரியையும் மறுபடி ஒரு முறை.

எடுத்தார்கள், திரும்ப வைக்கவில்லை: இதுதான் அதிகம் நடப்பது. விருந்தாளி வந்த அன்று அவசர அவல் தீரும், யாருக்கும் நினைவிருக்காது. காலியான டப்பாவை அலமாரிக்குள் திரும்ப வைக்காதீர்கள். அடுப்பு மேடையில், தினமும் கைக்கு இடறும் இடத்தில் நிறுத்துங்கள். நிரம்பிய பிறகுதான் அது உள்ளே போக வேண்டும்.